தீவில் நின்ற பதினொரு பேர்: பசிபிக் போர்க்கால விமானக் குழுப் படங்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வெள்ளியாய்ப் பளபளக்கும் ஒரு பெரிய விமானம். அதன் மூக்குக்குக் கீழே இரண்டு வரிசையாக இளைஞர்கள். பின்வரிசை நிற்கிறது, முன்வரிசை குத்துக்காலிட்டு உட்கார்ந்திருக்கிறது. சிலர் அரைக்கால் சட்டையில், சிலர் சட்டையே இல்லாமல். எல்லாருக்கும் வெயிலில் கண் கூசுகிறது. "இவங்க யாரு, எந்த ஊரு, எப்ப எடுத்தது?" என்ற கேள்வியோடு இப்படிப்பட்ட படங்கள் எனக்கு வந்துகொண்டே இருக்கின்றன. திரும்பத் திரும்ப ஒரே பதிலைத் தட்டச்சு செய்வதைவிட ஓரிடத்தில் எழுதிவைத்துவிடலாம் என்று இந்தப் பக்கம். முகங்களைப் பற்றிக் கொஞ்சமாகவும் மற்றதைப் பற்றி நிறையவும் பேசப்போகிறேன். இந்தப் படங்களில் விஷயம் இருப்பது பெரும்பாலும் ஓரங்களில்.

எந்தத் தீவு, எந்த விமானம்?

மேற்குப் பசிபிக்கில் இருக்கும் மரியானா தீவுகள். சைபான், டினியன், குவாம் என்ற மூன்று பெயர்களை நினைவில் வைத்துக்கொண்டால் போதும். விமானம் போயிங் நிறுவனத்தின் பி-29. அமெரிக்கர்கள் அதைச் செல்லமாக 'சூப்பர்ஃபோர்ட்ரஸ்' என்றார்கள். இறக்கையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குச் சுமார் 43 மீட்டர். மூக்கு முழுக்கக் கண்ணாடிக் கட்டங்கள். பின்னால் ஒரே ஒரு உயரமான வால்.

இந்தக் கடைசி அடையாளம் முக்கியம். படத்தில் வால் இரட்டையாக இருந்து இறக்கை முதுகின் மேல் பொருந்தியிருந்தால் அது பி-24. அந்த விமானங்களும் பசிபிக் தீவுகள் பலவற்றில் நின்றன, சைபானிலும் குவாமிலும்கூட. அவற்றின் குழுக்கள் வேறு, போரில் அவற்றின் வேலையும் வேறு. இணையத்தில் இந்த இரண்டையும் கலந்துகட்டிப் போடாத பக்கம் அபூர்வம்.

ஏன் அந்தத் தீவுகளுக்குப் போனார்கள்?

தூரக் கணக்குதான். மரியானாவிலிருந்து டோக்கியோ ஏறத்தாழ 2,400 கிலோமீட்டர். பி-29 அந்தத் தூரம் போய், குண்டு போட்டு, திரும்பி வந்துவிடும். ஒரு பயணத்துக்குப் பதின்மூன்று முதல் பதினைந்து மணி நேரம் ஆகும். வழி முழுக்கக் கடல்.

முதல் உலகப் போரின்போதே ஜப்பான் சைபானையும் டினியனையும் ஜெர்மனியிடமிருந்து எடுத்துக்கொண்டது. டினியனைக் கிட்டத்தட்ட முழுவதும் கரும்புத் தோட்டமாக்கியும் வைத்திருந்தது. 1944 ஜூன் 15 அன்று அமெரிக்கப் படைகள் சைபானில் இறங்கின. ஜூலை 21-இல் குவாம், 24-இல் டினியன். ஆகஸ்ட் பத்துக்குள் மூன்றும் கைமாறிவிட்டன. சண்டை ஓய்வதற்கு முன்பே கடற்படையின் கட்டுமானப் பிரிவினரும் ராணுவப் பொறியாளர்களும் பவளப்பாறையை வெட்டி, நொறுக்கி, ஓடுபாதை போடத் தொடங்கியிருந்தார்கள். டினியனின் வடக்கு விமானதளத்தில் மட்டும் தலா 2,600 மீட்டர் நீளத்தில் நான்கு ஓடுபாதைகள்.

ஒரு சுவையான செய்தி. டினியனின் வரைபடம் நியூயார்க்கின் மன்ஹாட்டன் தீவைப் போல இருக்கிறதென்று யாருக்கோ தோன்றியிருக்கிறது. தீவின் சாலைகளுக்கெல்லாம் பிராட்வே, 42-ஆம் தெரு, எட்டாம் அவென்யூ என்று பெயர் வைத்துவிட்டார்கள். படக்குறிப்பில் 'பிராட்வே' என்று பார்த்துவிட்டு நியூயார்க்கில் எடுத்தது என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

எப்போதும் பதினொரு பேர் ஏன்?

பி-29-க்கு வழக்கமான குழு அதுதான். தலைமை விமானி, துணை விமானி, குண்டு குறிபார்ப்பவர், வழி கணிப்பவர், விமானப் பொறியாளர், ரேடியோ இயக்குபவர், ராடார் இயக்குபவர், நான்கு துப்பாக்கிக்காரர்கள். துப்பாக்கிக்காரர்களில் ஒருவர் வாலில் தனியாக உட்கார்ந்திருப்பார். மற்றொருவர் விமானத்தின் முதுகுக் கண்ணாடிக்குள் இருந்தபடி துப்பாக்கிக் கூண்டுகளைத் தூரத்திலிருந்தே கட்டுப்படுத்துவார்.

படத்தில் பன்னிரண்டு, பதின்மூன்று தலைகள் இருந்தால் கூடுதலாக வந்தவர் பயிற்சிக்கு வந்தவராகவோ பார்வையாளராகவோ தரைப்பணிக் குழுவின் தலைவராகவோ இருக்கலாம். குறைந்தால் யாருக்கோ காய்ச்சலாக இருக்கலாம். வேறு காரணமும் இருக்கலாம்.

யார் அதிகாரி, யார் சிப்பாய் என்பதை வரிசையை வைத்துச் சொல்ல முடியாது. சில படைப்பிரிவுகளில் அதிகாரிகள் நின்றார்கள், சிலவற்றில் உட்கார்ந்தார்கள். உடையும் உதவாது. வெப்பமண்டல வெயிலில் பதவிச் சின்னத்தைக் குத்திக்கொண்டு நிற்க யாருக்கும் மனம் வரவில்லை. பேஸ்பால் தொப்பிதான் எல்லாருக்கும் சீருடை. கனத்த கம்பளித் தோல்மேலங்கிகளில் குழு முழுவதும் நிற்கும் படம் 'சைபான், 1945' என்ற பெயரில் வந்தால் கொஞ்சம் சந்தேகப்படுவேன். அது பெரும்பாலும் ஐரோப்பாவுக்குப் பறந்த குழுவாக இருக்கும். பி-29-இன் அறைகள் காற்றழுத்தமும் கதகதப்பும் கொண்டவை. அந்த அளவு போர்த்திக்கொள்ள வேண்டியதில்லை.

யார் எடுத்தார்கள்? எதற்காக?

மூன்று வகை. முதலாவது, ராணுவத்தின் அதிகாரப்பூர்வப் புகைப்படக்காரர்கள் பெரிய தட்டு நெகட்டிவ் காமிராக்களில் எடுத்தவை. இவைதான் செய்தித்தாளுக்குப் போயின. படத்தின் பின்னால் தட்டச்சில் ஒரு குறிப்பு ஒட்டியிருக்கும். ஒவ்வொருவரின் பெயர், பதவி, வேலை, அதைத் தொடர்ந்து சொந்த ஊர். ஊர்ப் பெயர் அவ்வளவு கவனமாக எழுதப்பட்டதற்குக் காரணம் இருக்கிறது. அந்தந்த ஊர்ப் பத்திரிகை 'நம்ம ஊர்ப் பையன்' என்று போட்டுக்கொள்ள வேண்டும், வீட்டில் வெட்டி ஒட்டிவைக்க வேண்டும், போர்க் கடன் பத்திரங்கள் விற்க வேண்டும். வெளியே விடுவதற்கு முன்னால் தணிக்கைக்காரர் பார்ப்பார். எதிரிக்குத் தெரியக்கூடாத கருவி தெரிந்தால் அழித்துவிடுவார்.

இரண்டாவது, படைப்பிரிவின் சொந்த லேப் எடுத்தவை. அந்த லேபின் உண்மையான வேலை குண்டு விழுந்த இடத்தின் வான்படங்களைக் கழுவுவது. குழுப்படம் இடைப்பட்ட வேலை. டெவலப்பர் கரைசல் 20 டிகிரி செல்சியஸ் அளவில் இருக்க வேண்டும். சூடு ஏறினால் பிலிமின் ஜெலட்டின் படலம் இளகிவிடும். மரியானாவின் புழுக்கத்தில் அந்தக் குளிர்ச்சியைக் காப்பாற்றுவதே பெரும்பாடு. பழைய பிரிண்ட் சிலவற்றின் ஓரத்தில் தெரியும் சுருக்கங்களைப் பார்க்கும்போது எனக்கு அந்தக் கொட்டகைதான் ஞாபகம் வரும்.

மூன்றாவது, சிப்பாய்கள் தங்கள் சின்னக் காமிராவில் எடுத்தவை. கோணல்மாணலாக இருக்கும், பாதித் தலை வெட்டுப்பட்டிருக்கும். ஆனால் துணி துவைப்பதும் முடி வெட்டிக்கொள்வதும் கட்டிலில் மல்லாந்து கடிதம் படிப்பதும் இவற்றில்தான் கிடைக்கும். தேர்ந்தெடுக்கச் சொன்னால் இவைதான் எனக்கு.

படத்தை மட்டும் வைத்துக்கொண்டு எந்தத் தீவு என்று சொல்ல முடியுமா?

பெரும்பாலும் முடியும். முதலில் காலடியைப் பாருங்கள். மரியானாவில் விமானம் நிற்கும் தளங்கள் நொறுக்கிய பவளம். கறுப்புவெள்ளைப் படத்தில் தரை வெளேரென்று கண்ணைக் குத்தும். தரை கறுத்து, தூரத்தில் ஒற்றை எரிமலைக் குன்று தெரிந்தால் அது ஐவோ ஜீமா. அங்கே தெரியும் பி-29 பொதுவாக விருந்தாளிதான். பாதி வழியில் எஞ்சின் கெட்டோ எரிபொருள் தீர்ந்தோ இறங்கியது. முதல் பி-29 அங்கே இறங்கியது 1945 மார்ச் 4 அன்று. தீவில் சண்டை அப்போது முடிந்திருக்கவில்லை.

அடுத்தது வால். ஒவ்வொரு படையணிக்கும் ஒரு வடிவம், அந்த அணிக்குள் ஒவ்வொரு படைப்பிரிவுக்கும் ஓர் எழுத்து. வட்டத்துக்குள் எழுத்து என்றால் டினியன் வடக்குத் தளத்தில் இருந்த 313-ஆம் படையணி. முக்கோணத்துக்குள் என்றால் டினியன் மேற்குத் தளத்து 58-ஆம் படையணி. சதுரத்துக்குள் என்றால் குவாமின் 314, சாய்சதுரம் என்றால் குவாமின் 315. சைபானில் இருந்த 73-ஆம் படையணிக்கு ஆரம்பத்தில் மேலே எழுத்து, நடுவே சிறு சதுரம், கீழே விமான எண். பிறகு வால் முழுக்க ஒரே பெரிய எழுத்து: ஏ, டி, வி, இசட்.

அடிவயிற்றையும் பாருங்கள். கறுப்பு வண்ணம் பளபளவென்று பூசியிருந்தால், இரவில் தேடுவிளக்கிலிருந்து தப்பிக்கப் பூசியது. அப்படியானால் அந்தப் படம் இரவுத் தாக்குதல்கள் தொடங்கிய பிறகு, 1945-இல் எடுத்தது. முதுகிலும் வயிற்றிலும் துப்பாக்கிக் கூண்டே இல்லாமல் மொழுக்கென்று இருந்தால் குவாம் 315-ஆம் படையணியின் விமானமாக இருக்க நல்ல வாய்ப்பு. அவற்றுக்கு வாலில் மட்டுமே துப்பாக்கி.

வாலில் இருக்கும் நீண்ட வரிசை எண்ணும் உதவும். ஆண்டின் முதல் இலக்கத்தை விட்டுவிட்டு எழுதுவார்கள். 44-86292 என்ற விமானத்தின் வாலில் 486292 என்று இருக்கும். அந்த எண் யாருடையது என்று இன்னும் நான்கு கேள்வி தள்ளி வரும்.

அப்படியானால் வால் எழுத்தை அப்படியே நம்பலாமா?

ஒரு படைப்பிரிவைத் தவிர. அணுகுண்டுக்காகவே பயிற்சி பெற்ற 509-ஆம் கூட்டுப் படைப்பிரிவு டினியன் வடக்குத் தளத்தில் இருந்தது. அதற்கென்று தனிச் சின்னம் இருந்தது. எதிரியின் கண்ணில் தனியாகத் தெரியக்கூடாது என்பதற்காக, பறப்பதற்கு முன் மற்ற பிரிவுகளின் எழுத்துகளை வாலில் எழுதிவிட்டார்கள். ஹிரோஷிமாவில் குண்டு போட்ட எனோலா கே விமானத்தின் வாலில் இருக்கும் வட்டத்துக்குள் 'ஆர்' உண்மையில் 6-ஆம் குண்டுவீச்சுப் பிரிவின் எழுத்து. நாகசாகியில் குண்டு போட்ட பாக்ஸ்கார் விமானத்தின் முக்கோணத்துக்குள் 'என்' 444-ஆம் பிரிவுடையது. வாலை மட்டும் பார்த்து முடிவு சொல்லும் நண்பர்கள் வழுக்கி விழும் இடம் இது. நானும் ஒருமுறை விழுந்திருக்கிறேன்.

மூக்கில் வரைந்த பெண்கள் பிற்காலப் படங்களில் ஏன் இல்லை?

விமானத்துக்குப் பெயர் வைப்பதும் மூக்கில் படம் வரைவதும் குழுவின் உரிமையாக இருந்தது. ஓவியம் தெரிந்த சிப்பாய் ஒருவர் கிடைத்துவிட்டால் போதும். ஆடை குறைந்த பெண்கள், கார்ட்டூன்கள், சிலேடைப் பெயர்கள். மேலிடத்துக்கு இது அவ்வளவாகப் பிடிக்கவில்லை. 1945-இல் சைபான் அணியில் இந்த ஓவியங்களை அழித்துவிட்டு, ஓர் உருண்டையும் அதை ஊடுருவும் ஈட்டியுமாக எல்லா விமானங்களுக்கும் ஒரே மாதிரிச் சின்னம் வரையச் சொன்னார்கள். பெயர் அதற்குள்ளேயே அடங்கிக்கொண்டது. ஒரே விமானத்தின் இரண்டு படங்கள் கிடைத்து, ஒன்றில் பெண்ணும் மற்றொன்றில் ஈட்டியும் இருந்தால் எது முந்தியது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

ஓவியத்துக்குப் பக்கத்தில் சின்னச் சின்னக் குண்டுகள் வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றும் முடித்த ஒரு பயணம். 35 ஆனால் வீட்டுக்குப் போகலாம் என்பது 1945-இல் கணக்கு. குழுப்படத்தில் அந்தக் குண்டுகளை எண்ணிப் பார்ப்பது என் கெட்ட பழக்கம்.

நீங்கள் திரும்பத் திரும்பப் பார்க்கும் படம் எது?

'வாடீஸ் வேகன்'. சைபானில் இருந்த பி-29. அதன் தலைமை விமானி கேப்டன் வால்டர் யங். 'வாடி' என்பது செல்லப்பெயர். போருக்கு முன்னால் ஓக்லஹோமா பல்கலைக்கழகத்தில் பேர்பெற்ற அமெரிக்கக் கால்பந்து வீரர், தொழில்முறைப் போட்டிகளிலும் ஆடியவர். விமானத்தின் மூக்கில் ஒரு வண்டியும் அதில் குழுவினர் அத்தனை பேரும் கேலிச்சித்திரங்களாக வரையப்பட்டிருந்தார்கள். படம் எடுக்க வந்தபோது அந்தச் சித்திரத்துக்கு நேர் கீழே, அதில் யார் எப்படி இருக்கிறாரோ அதேபோல முகத்தைக் கோணி, உடம்பை வளைத்துக் குழு மொத்தமும் நின்றிருக்கிறது. போர்ப்படங்களில் இப்படி வாய்விட்டுச் சிரிக்கவைப்பவை குறைவு.

படக்குறிப்பின்படி, 1944 நவம்பர் 24 அன்று சைபானிலிருந்து டோக்கியோவுக்கு நடந்த முதல் தாக்குதலில் ஐந்தாவதாகக் கிளம்பி, முதலாவதாகத் திரும்பி இறங்கிய விமானம் இது. அன்று 111 விமானங்கள் கிளம்பின.

1945 ஜனவரி 9 அன்று மறுபடி டோக்கியோ. முசாஷினோவில் இருந்த விமானத் தொழிற்சாலை இலக்கு. அடிபட்டுப் பின்தங்கிய இன்னொரு பி-29-க்குத் துணையாக யங் தன் விமானத்தை மெதுவாக்கிக் கூடவே போனார். இரண்டும் திரும்பவில்லை. முதல் தாக்குதலுக்கும் அந்த நாளுக்கும் இடையே நாற்பத்தாறு நாள்.

படம் மாறவில்லை. அதே கோணல் முகங்கள்தான். தேதி தெரிந்த பிறகு அதை முன்போலப் பார்க்க எனக்கு வரவில்லை.

எனோலா கே குழுவின் புகழ்பெற்ற படத்தில் எல்லாரும் இருக்கிறார்களா?

இல்லை. அதிகம் பரவியிருக்கும் படத்தில் பதினொரு பேர். பின்னால் ஆறு பேர் நிற்கிறார்கள், நடுவில் தலைமை விமானி பால் டிபெட்ஸ். முன்னால் ஐந்து பேர் குந்தியிருக்கிறார்கள். 1945 ஆகஸ்ட் 6 அன்று ஹிரோஷிமாவுக்குப் பறந்தவர்களோ பன்னிரண்டு பேர். எண்ணிக்கையில் ஒன்றுதானே குறைகிறது என்று தோன்றும். உண்மையில் இரண்டு பேர் இல்லை. நிற்பவர்களில் ஒருவரான ஜான் போர்ட்டர் தரையில் பராமரிப்பைக் கவனித்த அதிகாரி, அவர் பறக்கவில்லை. பறந்தும் படத்தில் இல்லாதவர்கள் வில்லியம் பார்சன்ஸ், மாரிஸ் ஜெப்சன். வானத்தில் போகும்போதே அந்தக் குண்டை வெடிக்கத் தயார் செய்தவர்கள் இவர்கள் இருவரும்தான்! அந்தப் பயணத்தின் மையமான வேலையைச் செய்த இரு கைகளும் சட்டகத்துக்கு வெளியே.

அதே படத்தில் பேஸ்பால் தொப்பியோடு ஒருவர் குந்தியிருப்பார். வால் துப்பாக்கிக்காரர் ராபர்ட் கேரன். தொப்பி புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணியுடையது. ஹிரோஷிமாவின் மேல் எழுந்த காளான் மேகத்தை வாலில் இருந்தபடி கே-20 என்ற கைக் காமிராவில் பிடித்தவர் அவர்தான். துப்பாக்கிக்காரர் கையில் காமிரா. உலகம் பார்த்த அந்தப் படம் அப்படிக் கிடைத்தது.

டிபெட்ஸ் விமானி இருக்கை ஜன்னல் வழியாகக் கையசைக்கும் படமும் உண்டு. கிளம்புவதற்குச் சற்று முன் எடுத்தது. அதிகாலை இரண்டே முக்காலுக்குக் கிளம்பிய விமானம் அது. ஆனால் விமானத்தைச் சுற்றிப் பெரிய விளக்குகளும் படப்பிடிப்புக்காரர்களும் நின்றதால் ஏதோ சினிமா முதல்காட்சி போல இருந்தது என்று அங்கே இருந்தவர்களே பிறகு சொல்லியிருக்கிறார்கள். கையசைப்பவரின் தலைக்குக் கீழே அவர் அம்மாவின் பெயர்: எனோலா கே. அதை எழுதி ஒரு நாள்தான் ஆகியிருந்தது. முன்பு சொன்ன 486292 இந்த விமானம்தான்.

நாகசாகிப் படங்களில் ஏன் இத்தனை குழப்பம்?

குழுக்கள் விமானத்தை மாற்றிக்கொண்டதால். ஆகஸ்ட் 9 அன்று குண்டு போட வேண்டிய சார்லஸ் ஸ்வீனியின் குழு வழக்கமாகப் பறக்கும் 'தி கிரேட் ஆர்ட்டிஸ்ட்' விமானத்தில் அளவீட்டுக் கருவிகள் பொருத்தியிருந்தன. அவற்றைக் கழற்றி மாற்றுவதற்குப் பதில், பிரெடெரிக் பாக்கின் பாக்ஸ்கார் விமானத்தை ஸ்வீனி எடுத்துக்கொண்டார், அவருடையதைப் பாக் ஓட்டினார். கூடவே பறந்த நியூயார்க் டைம்ஸ் நிருபர் வில்லியம் லாரன்ஸ், குண்டு போட்டது கிரேட் ஆர்ட்டிஸ்ட் என்றே எழுதிவிட்டார். அந்தத் தவறு பல படக்குறிப்புகளில் ஒட்டிக்கொண்டது.

அன்று ஸ்வீனி ஓட்டிய விமானத்தின் மூக்கில் 77 என்ற எண் மட்டுமே இருந்தது. சரக்கு ரயில்பெட்டிக்கு இறக்கை முளைத்து, சால்ட் லேக்கிலிருந்து நாகசாகிக்குப் போவதாக இருக்கும் 'பாக்ஸ்கார்' ஓவியம் பிற்பாடு வரைந்தது. அந்த ஓவியத்தின் முன் நிற்கும் குழுப்படம் எதுவானாலும் தாக்குதலுக்குப் பிந்தையது. 'நாகசாகிக்குக் கிளம்பும் முன்' என்று போட்டிருந்தால் தாராளமாக மறுக்கலாம்.

டினியனில் எடுத்த இன்னொரு படமும் உண்டு. இயற்பியலாளர் ஹரோல்ட் ஆக்னியூ சிரித்தபடி நிற்கிறார். கையில் ஒரு சிறு பெட்டி. அதற்குள் நாகசாகிக் குண்டின் புளுட்டோனியக் கரு. போர் முடிந்த பிறகு புலனாய்வு அதிகாரிகள் வந்து, நெகட்டிவில் அந்தப் பெட்டியை மட்டும் சுரண்டி அழிக்கச் சொன்னார்கள் என்று அவரே சொல்லியிருக்கிறார்.

படத்தில் இல்லாதவர்கள் யார்?

நிறையப் பேர். முதலில் தரைப்பணிக் குழு. ரைட் நிறுவனம் செய்த பி-29-இன் எஞ்சின்கள் அடிக்கடி சூடேறித் தீப்பிடிக்கும் ரகம். அவற்றைக் கழற்றி மாட்டியே இவர்கள் இரவெல்லாம் கழித்தார்கள். சில விமானங்களில் தரைப்பணித் தலைவரின் பெயர் பக்கவாட்டில் எழுதியிருக்கும், முகம் இருக்காது. அடுத்தது கறுப்பினச் சிப்பாய்கள். ராணுவம் அன்று நிறம் பிரித்தே நடந்தது. சைபானில் கரையிறங்கிய நாளிலேயே வெடிமருந்தும் சரக்கும் இறக்கிய கறுப்பின மரைன் வீரர்கள் இருந்தார்கள். பி-29 குழுப்படங்களில் மட்டும் அவர்களைத் தேடிப் பயனில்லை.

அப்புறம் தீவின் மக்கள். சைபான், குவாமின் பூர்வகுடிகளான சமோரோக்கள். கரும்புத் தோட்டத்துக்காகக் கொண்டுவரப்பட்ட ஜப்பானியர், ஒக்கினாவர், கொரியர். டினியனில் 'சூரோ' முகாமில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பொதுமக்கள் கம்பி வேலிக்குள் இருந்தார்கள். ஓடுபாதை இருந்த அதே சின்னத் தீவில்தான். ஓடுபாதைப் படங்கள் ஆயிரக்கணக்கில் கிடைக்கின்றன. முகாமுக்குள் எடுத்த படங்களும் இருக்கின்றன, ஆனால் யாரும் அவற்றை எனக்கு அனுப்பி 'இது யாரு' என்று கேட்டதில்லை.

குண்டு விழுந்த பக்கத்தில் யாராவது படம் எடுத்தார்களா?

மிகக் குறைவு. 1945 மார்ச் 9 இரவு தொடங்கிய டோக்கியோ தீத்தாக்குதலில் இலக்கை அடைந்தவை 279 பி-29கள். ஒரே இரவில் ஏறக்குறைய ஒரு லட்சம் பேர் இறந்தார்கள். அன்று எடை குறைக்கப் பெரும்பாலான விமானங்களில் துப்பாக்கி ரவைகளை இறக்கிவிட்டு, துப்பாக்கிக்காரர்கள் சிலரையும் தீவிலேயே விட்டுவிட்டுப் போனார்கள். குழுப்படத்தில் இருக்கும் பதினொரு பேரும் அந்த இரவில் பறந்திருப்பார்கள் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

கீழே எரிந்த நகரத்தைப் படம்பிடித்தவர் டோக்கியோ காவல்துறையின் புகைப்படக்காரர் இஷிகாவா கோயோ. போருக்குப் பிறகு அமெரிக்க நிர்வாகம் கேட்டபோது நெகட்டிவ்களைக் கொடுக்காமல் மண்ணில் புதைத்து வைத்துக் காப்பாற்றினார். ஹிரோஷிமாவில் அன்றைய தினமே நகருக்குள் படம் எடுத்தவர் பத்திரிகைப் புகைப்படக்காரர் மட்சுஷிகே யோஷிட்டோ. நாள் முழுக்கக் காமிராவோடு நடந்தும் அவரால் ஐந்து படங்களுக்கு மேல் மிச்சப்படுத்த முடியவில்லை. மியுகி பாலத்தருகே முதல் படம் எடுக்கப் பொத்தானை அழுத்த வெகுநேரம் மனம் வரவில்லை என்றார்.

தீவில் குழுப்படம் எடுத்தவருக்கு அந்தத் தயக்கம் வேண்டியிருக்கவில்லை. அவரைக் குற்றம் சொல்லவில்லை. 2,400 கிலோமீட்டர் என்று மேலே எழுதிய தூரத்துக்கு அர்த்தம் இதுவும்தான்.

நம் பக்கத்தோடு ஏதாவது தொடர்பு?

உண்டு. சில டினியன் விமானங்களின் மூக்கில் குண்டுகளோடு ஒட்டகங்களும் வரைந்திருக்கும். பலரும் இதை ஆப்பிரிக்கா என்று நினைத்துக்கொள்கிறார்கள். விமானிகள் 'திமில்' என்று அழைத்த இமயமலையைத் தாண்டிச் சீனாவுக்குச் சரக்கு கொண்டுபோன பயணங்களின் கணக்கு அது. 58-ஆம் படையணி 1944-இல் வங்காளத்தின் கரக்பூர் வட்டாரத்தில்தான் இருந்தது. அவர்களின் தலைமையகம் ஹிஜ்லி சிறைமுகாம் கட்டடத்தில் நடந்தது. சுதந்திரத்துக்குப் பிறகு அதே கட்டடத்தில்தான் கரக்பூர் ஐஐடி தொடங்கியது.

இன்னும் நெருக்கமாக வேண்டுமென்றால் திருகோணமலை. 1944 ஆகஸ்ட் 10 அன்று அங்கே சீனன்குடா விமானதளத்திலிருந்து ஐம்பதுக்கும் மேற்பட்ட பி-29கள் சுமத்திராவின் பலெம்பாங் எண்ணெய் ஆலைகளைத் தாக்கக் கிளம்பின. அவ்வளவு கனமான விமானத்துக்காக ஓடுபாதையை நீட்டினார்கள். அந்தப் படையணிதான் 1945-இல் டினியன் மேற்குத் தளத்துக்கு மாறியது. ஆக, முக்கோண வாலும் ஒட்டகமும் சேர்ந்து தெரியும் விமானம், சீனன்குடாவில் ஓர் இரவு நின்ற விமானமாகவே இருக்கலாம்.

படங்களை எங்கே பார்க்கலாம்? எடுத்துப் போடலாமா?

அதிகாரப்பூர்வப் படங்கள் அமெரிக்காவின் மேரிலாந்தில், காலேஜ் பார்க்கில் இருக்கும் தேசிய ஆவணக்காப்பகத்தில் உள்ளன. நிறைய இணையத்திலும் ஏறிவிட்டன. அரசு ஊழியர் பணியில் எடுத்த படங்களுக்கு அங்கே காப்புரிமை கிடையாது, பயன்படுத்தலாம். சிப்பாயின் சொந்தக் காமிராப் படங்கள் அப்படியல்ல. அவை குடும்பத்தின் சொத்து, கேட்டுவிட்டுப் போடுவதுதான் முறை.

ஒருவர் பெயர் தெரிந்து தேடுகிறீர்கள் என்றால் செயின்ட் லூயிஸில் இருக்கும் பணிப்பதிவுகளை நம்பி உட்கார வேண்டாம். 1973-இல் நடந்த தீ விபத்தில் அந்தக் கால ராணுவப் பதிவுகளில் ஏறக்குறைய எண்பது சதவீதம் போய்விட்டது. விமானம் திரும்பாத நேர்வுகளுக்குத் தனியாக எழுதிய 'காணாமல் போன குழு' அறிக்கைகள் தப்பியிருக்கின்றன. அதில் ஒவ்வொருவரின் பெயரும், விமானத்தைக் கடைசியாகப் பார்த்தவர் சொன்னதும் இருக்கும். இப்படிப் பார்த்தால் திரும்பி வந்தவர்களைவிடத் திரும்பாதவர்களைத் தேடுவது எளிது.

இணையத்தில் இருப்பது எப்போதும் இருக்கும் என்றும் நினைக்க வேண்டாம். 2025 மார்ச்சில் அமெரிக்கப் பாதுகாப்புத் துறை நீக்குவதற்குக் குறித்துவைத்த படங்களின் பட்டியலில் எனோலா கே படங்களும் இருந்ததாகச் செய்தி வந்தது. ஆங்கிலத்தில் ஒருபால் ஈர்ப்பாளரைக் குறிக்கும் 'கே' என்ற சொல் விமானத்தின் பெயரில் இருந்ததுதான் காரணமாகத் தெரிகிறது. டிபெட்ஸின் அம்மா என்ன செய்வார்?

வண்ணத்தில் வருபவை உண்மையா?

சில உண்மை. கோடாக்குரோம் ஸ்லைடுகள் அன்றே இருந்தன, இன்றும் அவற்றின் வண்ணம் அவ்வளவாக மங்கவில்லை. மற்றவை கணினி பூசிய வண்ணம். அதுகூடப் பரவாயில்லை. செயற்கை நுண்ணறிவைக் கொண்டு முகத்தைத் 'தெளிவாக்கி' அனுப்புகிறார்கள் பாருங்கள், அதுதான் ஆபத்து. மங்கலான முகத்தில் இல்லாத கண்ணும் பல்லும் புதிதாக முளைக்கின்றன. அந்த முகம் யாருடையதும் இல்லை. வால் எண்ணையும் அப்படியே கற்பனையாக எழுதிவிடுகிறது. தயவுசெய்து மூலப்படத்தையே அனுப்புங்கள், பின்பக்கத்தையும் சேர்த்து.

இன்று அங்கே போனால் அதே இடத்தில் நின்று படம் எடுக்க முடியுமா?

டினியன் இப்போது அமெரிக்காவோடு இணைந்த வட மரியானா தீவுகளில் ஒன்று. விமானங்கள் போன பிறகு வடக்குத் தளத்தின் ஓடுபாதைகளைப் பல பத்தாண்டுகள் புதர் மூடிக்கிடந்தது. சமீப ஆண்டுகளில் அமெரிக்க விமானப்படை அதை வெட்டிச் சுத்தம்செய்து மறுபடி பயன்படுத்த வேலை பார்த்துவருகிறது. எனோலா கே கிளம்பிய ஓடுபாதைக்குப் பெயர் 'ஏபிள்'. அதற்குச் சற்றுத் தள்ளி இரண்டு குழிகள் உள்ளன. அணுகுண்டுகள் விமானத்தின் அடியில் நிறுத்தி ஏற்ற முடியாத அளவு பெரியவை. அதனால் குண்டைக் குழிக்குள் இறக்கி, விமானத்தை மேலே நிறுத்தி, கீழிருந்து தூக்கி ஏற்றினார்கள். இப்போது குழிகளின் மேல் கண்ணாடிக் கூரை. வெயில் நேரத்தில் படம் எடுத்தால் உங்கள் நிழலும் வானமும்தான் அதில் விழும். காலையில் போங்கள்.